பனி சமமாகத்தான் பொழிகிறது

பனியைப் பற்றி இலங்கையர் ஒருவர் எழுதப் புகுந்தால் அதில் வியப்பு மேலோங்கி நிற்பது இயல்பு. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் அதிகாலை வேளைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியே எமது நாட்டில் நாம் அறிந்த அதிகபட்சம். வானத்திலிருந்து பொழியும் பனியை எம்மில் பெரும்பாலானோர் திரைப்படங்களிலும் நாட்காட்டிப் படங்களிலும்தான் கண்டிருக்கிறோம். நானும் அதற்கு விதிவிலக்கானவன் அல்ல. 2022 ஜனவரி 17 திங்கட்கிழமை கனடாவின் ரொறன்ரோ நகரைப் புதைத்த பனிப்புயலின்போது நான் அங்கிருந்தேன். அன்று காலை எட்டு மணியளவில் ஒரு கட்டுரைக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கினேன். வெண்மை, மௌனம், சமத்துவம் ஆகிய மூன்று சொற்களைச் சுற்றி அதை அமைப்பதாக எண்ணம். மாளிகைக்கும் குடிசைக்கும் பேதம் பாராமல் பனி பொழிகிறது என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக எழுத வேண்டியிருந்தது இதுதான்.

என்னைவிட ஐந்து வயது மூத்த எனது சகோதரி ஸ்காபரோவில் வசிக்கிறார். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோ இலங்கைத் தமிழர்கள் செறிந்து வாழும் இடம் என்பதைச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. 2020 இல் அத்தான் காலமானபோது விமான நிலையங்கள் மூடப்பட்டிருந்தன. இறுதிக்கிரியைகளைக் கொழும்பிலிருந்து கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றவுணர்வைச் சுமந்துகொண்டு 2021 டிசம்பர் இறுதியில்தான் என்னால் அங்கு போய்ச் சேர முடிந்தது.

நான் போன நேரத்தில் ஒமிக்ரோன் அலை உச்சத்தில் இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் உணவகங்களின் உள்ளே அமர்ந்து உண்பதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே இணையவழியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீண்டும் வகுப்பறைகளுக்குத் திரும்புவதற்குக் குறிக்கப்பட்டிருந்த நாள் அந்த ஜனவரி 17 தான். பனி முந்திக்கொண்டது. ரொறன்ரோவின் பாடசாலைகள் அன்று திறக்கப்படவில்லை.

இரவோடிரவாகத் தொடங்கிய பனி 15 மணித்தியாலங்களில் 55 சென்ரிமீற்றர் அளவுக்குப் பொழிந்ததாக மாநகர நிர்வாகம் பின்னர் அறிவித்தது. நகரின் இரு பெரும் துரிதகதி நெடுஞ்சாலைகளான டொன் வலி பார்க்வேயும் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயும் மூடப்பட்டன. பஸ்கள் நூற்றுக்கணக்கில் ஆங்காங்கே சிக்கிக்கொண்டன. பூமிக்கு மேலாக ஓடும் பகுதிகளில் ரயில் சேவை தடைப்பட்டது. கனடா குளிருக்குப் பழகிய நாடு. ஆனால், ஒரு பருவத்தில் பல தடவைகளாக இறங்க வேண்டிய பனியில் பெரும் பங்கு ஒரே பகலில் இறங்கினால் குளிருக்குப் பழகிய நாடும் திணறவே செய்யும்.

அக்காவின் வீடு அடுக்குமாடிக் கட்டிடமொன்றின் பதினோராவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எதிர்க் கட்டிடம்கூடத் தெரியவில்லை. புதிதாக விழும் பனித்துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதால் அவை ஒலியை உள்வாங்கிக் கொள்கின்றன. எந்நேரமும் இரையும் மார்க்கம் வீதி அன்று ஊமையாகிக் கிடந்ததற்கு வாகனங்கள் ஓடாதது மாத்திரம் காரணமல்ல. நான் அந்த மௌனத்தைப் பற்றிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்தபோது அக்கா இரண்டு சோடிக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டிருந்தார்.

"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வேலைக்குத்தான். வேற எங்க?"

"இந்தப் பனிக்குள்ளேயா? பஸ்கூட ஓடவில்லையே அக்கா."

"பஸ் ஓடாட்டி நடக்கிறதுதான். நான் போகாட்டி ஆர் அதுகளுக்குச் சாப்பாடு தீத்திறது? நீ வீட்டில இருந்து எழுது தம்பி. நான் போயிட்டு வாறன்."

அக்கா முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணியாளர். மருத்துவத் தாதியல்ல. முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, படுக்கையில் புரட்டிவிடும் வேலை. ஸ்காபரோவில் இந்தத் தொழிலில் இருக்கும் எமது பெண்கள் ஏராளம். ஊரில் ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ இருந்துவிட்டுப் போய் அங்கு இந்த வேலையில் அமர்ந்தவர்கள் அவர்களில் பலர். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவரது கடமை நேரம் தொடங்க வேண்டும். சக பணியாளர்களில் சிலர் தொற்றுக்குள்ளாகித் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். எஞ்சியவர்களில் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அவரைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. அத்தானின் பழைய குளிரங்கியையும் எனக்கு ஓரளவு பெரிதான அவரது சப்பாத்துகளையும் மாட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன். சாதாரண நாட்களில் பஸ்ஸில் பத்து நிமிடம், கால்நடையாக நாற்பது நிமிடம் பிடிக்கும் தூரம். எக்ளிங்டன் அவெனியூவுக்கு அண்மையிலிருந்து மார்க்கம் வீதி வழியாக வடக்கே லோரன்ஸ் அவெனியூவைத் தாண்டிப் போக வேண்டும். அன்று எமக்கு இரண்டு மணித்தியாலங்களுக்குச் சற்றுக் குறைவான நேரம் எடுத்தது.

ஆழமான பனியில் நடப்பது எப்படி என்பதை அக்காதான் கற்றுத்தந்தார். உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, சிறிய எட்டாக, பாதம் முழுவதையும் ஒரேயடியாக வைத்து நடக்க வேண்டும். முன்னால் போனவரின் காலடிக் குழியிலேயே காலை வைக்க வேண்டும். கைகளைச் சட்டைப் பைக்குள் விடக்கூடாது. விழுந்தால் ஊன்றுவதற்கு அவை வெளியே இருக்க வேண்டும். வீட்டில் என்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துபவர் என்று அவரை நான் கேலி செய்வதுண்டு. அந்த வீதியில் நான் உண்மையிலேயே சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தேன். அரைவாசித் தூரத்தில் ஒரு தடவை விழுந்தும் எழும்பினேன்.

நடைபாதை எங்கே முடிகிறது, வீதி எங்கே தொடங்குகிறது என்பது முதலில் தெரியவில்லை. சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. பனிதள்ளும் பெரிய வாகனங்கள் சாய்ந்த தகட்டுடன் வந்து வீதியின் நடுப்பகுதியிலிருந்து பனியை ஓரத்துக்கு ஒதுக்கிச் செல்கின்றன. அந்த ஓரந்தான் நடைபாதை. வானத்திலிருந்து விழுந்த பனி எமது முழங்காலுக்கு இருந்ததென்றால் வீதியிலிருந்து ஒதுக்கப்பட்ட பனியும் சேர்ந்த இடங்களில் அது இடுப்பைத் தொட்டது. சந்திகளின் நிலைமை இன்னும் மோசம். வாகனம் திரும்பும் இடமெல்லாம் பனி அணைபோலக் குவிந்துவிடுகிறது. பாதசாரிகள் கடப்பதற்காக விளக்கு எரிகிறது. ஆனால், கடப்பதற்கு முன்னர் ஒரு மதிலில் ஏறி இறங்க வேண்டும். புதிய பனி மென்மையானது, இறகு போன்றது. வாகனத்தின் தகட்டில் அடிபட்டு உருண்ட பனி கல்லைப் போன்றது.

ஆகவே எல்லோரும் என்ன செய்தார்களோ அதையே நாமும் செய்தோம். நடைபாதையைக் கைவிட்டு வாகனங்கள் அழுத்திச் சென்ற தடத்தில் இறங்கி நடந்தோம். பின்னால் ஏதாவது வருகிறதா என்பதைப் பனி விழுங்கிவிட்ட ஒலியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு இருபது எட்டுக்கும் ஒரு தடவை அக்கா திரும்பிப் பார்த்தார்.

வழியில் கண்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பத்திரிகையாளனுக்கு எங்கு போனாலும் ஆட்களை எண்ணும் பழக்கம் விட்டுப்போவதில்லை. அந்த இரண்டு மணித்தியாலங்களில் எம்மைப் போன்று நடந்து சென்றவர்களாக ஏறத்தாழ முப்பது பேரைக் கண்டேன். அவர்களில் இருபது பேருக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் மூவர் கைகோர்த்தபடி வைத்தியசாலைப் பக்கமாகப் போனார்கள். மருந்துக் கடையின் பையுடன் ஒரு கிழவர். கடையொன்றின் சீருடை அணிந்த இளைஞன். பிள்ளை வண்டியை இழுக்க முடியாமல் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையை மறுகையில் அணைத்தபடி ஒரு தாய். மின்சாரச் சக்கர நாற்காலியில் ஒருவர் வீதியின் நடுவே வந்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை. பனியை ரசிப்பதற்காக உலாவ வந்தவர் எனச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் காணவில்லை. காலையில் அப்படி ஒருவன் பதினோராவது மாடியில் இருந்தான்.

பராமரிப்பு இல்லத்தின் வாசலில், "கவனமாய்த் திரும்பிப் போ. போனவுடன எனக்குக் கோல் எடு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே சென்றார். முகக்கவசத்தை மாற்றி, பரிசோதனையை முடித்துக்கொண்டுதான் உள்ளே போகலாம். இரவு பதினொரு மணிக்கு அவர் திரும்பவில்லை. இரவு நேரக் கடமைக்கு வர வேண்டியவர்களால் வந்து சேர முடியாமல் போனதால் அக்காவும் இன்னொருவரும் விடியும்வரை நின்றுவிட்டார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் அவரை அழைத்துவர மீண்டும் அதே பாதையில் நடந்தேன். புயலுக்கு மறுநாளே நடப்பது கடினம் என்பதை அப்போது அறிந்தேன். முந்தின நாள் மிதிபட்ட பனி இரவுக் குளிரில் இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. பிரதான வீதியில் கார்கள் வழமைபோல ஓடத் தொடங்கிவிட்டன. இப்போது வீதியில் இறங்கி நடக்கவும் முடியாது. வாகனங்களுக்குப் புயல் முடிந்துவிட்டது. நடப்பவர்களுக்கு அது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

சிலர் தத்தமது வீட்டு வாசலைச் சவளால் வழித்துக்கொண்டிருந்தார்கள். அது இலேசான வேலையல்ல. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் சுமார் 100 கிலோகிராம் நிறையுடையது எனக் கொண்டால், ஒன்றரை மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் கொண்ட நடைபாதைத் துண்டின் மீது 55 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விழுந்த பனி 800 கிலோகிராமைத் தாண்டும். கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பினால் பாதிக்கப்படுவது அதிகரிக்கிறது என்று கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சவளைப் பிடித்த கைகள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களது ஊகம்.

அக்கா வாசலில் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. வரும் வழியில் ஒன்று சொன்னார். முந்தின நாள் மாலை, நடமாட முடியாத முதியவர்கள் சிலரைச் சக்கர நாற்காலிகளில் இருத்தி ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் விட்டார்களாம். அவர்கள் குழந்தைகளைப் போலப் பனியைப் பார்த்துக் கொண்டிருந்தார்களாம். "நீ எழுதினது மாதிரித்தான், வடிவாய் இருக்கெண்டு சொல்லிச்சினம்" என்றார். என் குறிப்புப் புத்தகத்தை அவர் வாசித்திருக்கிறார்.

அந்தச் சொல்லில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் எனக்கு உறைத்தது. பனி அழகானது என்பதில் பொய்யில்லை. அந்த முதியவர்கள் அதை ஜன்னலோரத்தில் இருந்து அனுபவிப்பதற்கு யாரோ ஒருவர் அதற்குள் இரண்டு மணித்தியாலம் நடந்து வர வேண்டியிருந்தது என்பது மாத்திரமே எனது கட்டுரையில் விடுபட்டிருந்தது.

பனி சமமாகத்தான் பொழிகிறது. அகற்றப்படுவதுதான் சமமாக இல்லை. எந்த நகரத்திலும் பனி அகற்றும் பணிக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. துரிதகதி நெடுஞ்சாலைகள், பிரதான வீதிகள், பஸ் செல்லும் வீதிகள், அவற்றின் பின்னர் குடியிருப்பு வீதிகள். எவருடைய பயணம் எவருடைய பயணத்தைவிட முக்கியமானது என்பதை நகரம் எழுதிவைத்திருக்கும் பட்டியல் அது. தேர்தல் விஞ்ஞாபனங்களில் அதை வாசிக்க முடியாது. பனிப்புயலுக்கு மறுநாள் வீதியில் வாசிக்கலாம்.

அரசியல் வரலாற்றில் அக்கறையுடைய வாசகர்களுக்கு மூன்று சம்பவங்களை நினைவூட்ட விரும்புகிறேன். 1969 பெப்ரவரியில் நியூயோர்க்கில் 15 அங்குலப் பனி பொழிந்தது. 42 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்தவர்கள். மன்ஹற்றன் வழமைக்குத் திரும்பிய பின்னரும் குவீன்ஸின் வீதிகள் நாட்கணக்கில் மூடிக்கிடந்தன. 1950 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவரும் ஐக்கிய நாடுகள் சபையின் உயரதிகாரியுமான ரால்ஃப் பஞ்ச் அங்குதான் குடியிருந்தார். அவரே வீட்டை விட்டு வெளிவர முடியாமல் மேயர் ஜோன் லின்ட்சேக்குத் தந்தி அனுப்பி முறையிட்டார் என்றால் சாதாரண மக்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பகுதிக்குச் சென்ற மேயரின் காரே பனியில் சிக்கிக்கொண்டது. கூடியிருந்தவர்கள் அவரைக் கூச்சலிட்டுத் திட்டினார்கள்.

பத்து வருடங்களின் பின்னர் 1979 ஜனவரியில் சிக்காகோவில் நடந்தது அதைவிடப் பாரதூரமானது. பனியினால் தாமதமடைந்த ரயில் சேவையைத் துரிதப்படுத்துவதற்காகச் சில நிலையங்களில் ரயில்களை நிறுத்தாமல் ஓட்டத் தீர்மானிக்கப்பட்டது. நிறுத்தப்படாத நிலையங்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இருந்தன. குளிரில் மேடைகளில் காத்து நின்றவர்கள் தம்மைக் கடந்துசென்ற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் நடைபெற்ற ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தெரிவில் மேயர் மைக்கல் பிலான்டிக் தோற்கடிக்கப்பட்டார். அவரைத் தோற்கடித்த ஜேன் பேர்ன் சிக்காகோவின் முதலாவது பெண் மேயரானார். அந்த நகரத்தின் அரசியல் இயந்திரம் எத்தகைய பலம் வாய்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தோல்வியின் கனதி புரியும்.

மூன்றாவது ரொறன்ரோவிலேயே நடந்தது. 1999 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் ஒரே மாதத்தில் ஒரு மீற்றருக்கும் அதிகமான பனியைக் கொட்டின. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை வரவழைத்தார். நூற்றுக்கணக்கான படையினர் வந்து சவள் பிடித்தார்கள். கனடாவின் ஏனைய பகுதிகளில் வாழ்பவர்கள் அதைச் சொல்லி இன்றைக்கும் ரொறன்ரோவாசிகளைக் கேலி செய்வதுண்டு. பனிக்குப் பயந்து இராணுவத்தைக் கூப்பிட்டவர்கள் என்ற பட்டம் நிலைத்துவிட்டது. ஆனால், அதே கனேடிய இராணுவம் 2020 வசந்தகாலத்தில் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டதை எவரும் கேலி செய்யவில்லை. பணியாளர்கள் போதாமல் அந்த இல்லங்கள் சில எந்த நிலைக்குச் சென்றிருந்தன என்பதைப் படையினர் எழுதிய அறிக்கை அந்த வருடம் மே மாதம் பகிரங்கமானபோது நாடே அதிர்ந்தது. இரண்டு சந்தர்ப்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகிறது. அன்றாடம் எவரது கண்ணிலும் படாமல் வந்துபோகும் பணியாளர்கள் வராமல் நின்றுவிட்டால் அந்த இடத்தை நிரப்ப ஓர் அரசாங்கத்துக்கு இராணுவம் தேவைப்படுகிறது. என் அக்காவைப் போன்றவர்களின் இரண்டு மணித்தியால நடைக்கு உள்ள பெறுமதி அது.

வீதிகளை முதலில் துப்புரவு செய்வதில் என்ன தவறு என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. அம்புலன்ஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் வீதியில்தான் ஓடுகின்றன. உணவும் மருந்தும் லொறிகளில்தான் வருகின்றன. பிரதான வீதிகளைத் திறக்காமல் வேறெதையும் செய்ய முடியாது என்று கூறும் பொறியியலாளர்களுடன் எனக்குத் தகராறு இல்லை. எனது வாதம் வேறு. அம்புலன்ஸில் கொண்டுசெல்லப்படும் நோயாளியை வைத்தியசாலையில் பொறுப்பேற்கத் தாதி ஒருவர் இருக்க வேண்டும்; கட்டிலை விரிக்கவும் தரையைக் கழுவவும் ஆட்கள் இருக்க வேண்டும். அவர்களில் பலர் பஸ்ஸிலும் கால்நடையாகவும் வருபவர்கள். பஸ் ஓடும் வீதியைத் திறந்துவிட்டு, அந்தப் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் இருநூறு மீற்றர் நடைபாதையைப் புதைத்து வைத்தால் அந்த வீதி அரைவாசிதான் திறக்கப்பட்டிருக்கிறது.

இந்த உண்மையை முதலில் விளங்கிக்கொண்டவர்கள் சுவீடன் நாட்டவர்கள் எனலாம். கார்ள்ஸ்கூகா என்ற சிறிய நகரத்தில் 2011 அளவில் பனி அகற்றும் வரிசைக்கிரமம் மீளாய்வு செய்யப்பட்டது. வாகனங்களில் பயணம் செய்பவர்களில் ஆண்களே அதிகம் என்பதும் நடப்பவர்களிலும் பஸ்ஸில் செல்பவர்களிலும் பெண்கள் அதிகம் என்பதும், வழுக்கும் காலங்களில் காயமடைந்து வைத்தியசாலைக்கு வருபவர்களில் வாகன சாரதிகளைவிடப் பாதசாரிகள் பல மடங்கு என்பதும் அங்கு பேசப்பட்டன. நடைபாதைகளையும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்குச் செல்லும் பாதைகளையும் முதலில் திறப்பதென்று தீர்மானித்தார்கள். மேலதிகச் செலவு எதுவுமின்றி வரிசையை மாற்றியதுதான் அவர்கள் செய்த வேலை. காருக்குச் சில அங்குலப் பனியில் ஓடுவது சிரமமல்ல. பிள்ளை வண்டிக்கு அது மலை.

தலைநகர் ஸ்ரொக்ஹோம் 2015 இல் இதே வழியைப் பின்பற்ற முனைந்தது. 2016 நவம்பரில் அங்கு ஒரே நாளில் பெய்த 39 சென்ரிமீற்றர் பனி நகரை ஸ்தம்பிக்க வைத்தபோது இந்தக் கொள்கையே காரணம் என்று பலர் எள்ளி நகையாடினார்கள். நவம்பர் மாதமொன்றில் ஒரு நூற்றாண்டு காலத்தில் காணாத பனி அது என்பதையும், நடைபாதைகளும் அப்போது உரிய முறையில் திறக்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் நகையாடியவர்கள் கவனத்தில் எடுக்கவில்லை. கொள்கை தோற்றதா, அது நடைமுறைப்படுத்தப்படவே இல்லையா என்ற கேள்வி எமது நாட்டவர்களுக்கும் பரிச்சயமானதே.

ரொறன்ரோவையும் ஒரேயடியாகக் குறை கூறிவிட முடியாது. ஸ்காபரோ போன்ற புறநகர்ப் பகுதிகளின் நடைபாதைகளில் மாநகர சபையின் சிறிய இயந்திரங்கள் ஓடுவது நீண்டகால வழமை. பழைய நகரத்தின் ஒடுங்கிய வீதிகளில்தான் அந்தச் சேவை இல்லாமல், வீட்டுக்காரர் தம் வாசலுக்கு முன்னால் உள்ள பொது நடைபாதையைத் தாமே வழிக்க வேண்டும் என்ற விதி இருந்துவந்தது. 2021 இல் மாநகர சபை அதை மாற்றி, நகரம் முழுவதிலும் நடைபாதைப் பனியைத் தானே அகற்றுவதென்று தீர்மானித்தது. நான் நடந்தது அந்தத் தீர்மானத்தின் முதலாவது குளிர்காலம். முதலாவது பரீட்சைக்கே அத்தகைய வினாத்தாள் வந்தது துரதிர்ஷ்டம். அந்தச் சிறிய இயந்திரம் ஒரு சாண் பனிக்குப் போதும். இடுப்பளவு மதிலுக்கு முன்னால் அது விளையாட்டுப் பொருள். ஆனாலும், தனியார் கடமையாக இருந்த ஒன்றைப் பொதுக்கடமையாக ஏற்றுக்கொண்டதன் மூலம் நடப்பதற்கும் உரிமை உண்டு என்பதை ஒரு நகரம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை அற்ப விடயமாக நான் கருதவில்லை.

இதையெல்லாம் கொழும்பிலிருந்து எழுதும்போது வாசகர்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். பனியே பெய்யாத நாட்டில் பனி அகற்றுவதைப் பற்றி உனக்கு என்ன கவலை என்று கேட்கக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் 600 க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட டித்வா புயலுக்குப் பின்னர் வீதிகள் திறக்கப்பட்ட செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்தோம். எந்தப் பிரதான வீதி எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எந்த ரயில் பாதை எந்த இடம்வரை சீராக்கப்பட்டது என்பவை செய்திகளாயின. அந்த வீதியிலிருந்து மேலே ஏறித் தோட்டத்து லயன்களுக்குப் போகும் படிகளைப் பற்றி எத்தனை செய்திகளை வாசித்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். முப்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்தி எழுதியவன் நான். வெள்ளச் செய்தி எழுதும்போதெல்லாம் போக்குவரத்து வழமைக்குத் திரும்பியது என்ற வாக்கியத்துடன் முடித்திருக்கிறேன். யாருடைய போக்குவரத்து என்று எனது ஆசிரியர்கள் எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை வீடு திரும்பியதும் அக்கா சப்பாத்துகளைக் கழற்றிக் கதவடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். பிற்பகல் ஒரு மணிக்கு எழும்பினார். மூன்று மணிக்கு மீண்டும் கடமை. தொலைபேசியில் பார்த்து, மார்க்கம் வீதியில் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சியோடு சொன்னேன்.

"பஸ் ஓடும். பஸ் நிக்கிற இடத்துக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டுவிட்டு அவர் காலுறைகளைத் தேடினார். நான் கீழே இறங்கிச் சென்று, கட்டிடக் காவலாளியிடம் ஒரு சவளை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை ஓர் ஆள் நடக்கக்கூடிய அளவுக்கு வழித்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நால்வரும் பெண்கள்.